டவர் ஹோலும் நம்முடைய வாடகை மேடைகளும்

கொழும்பு மருதானையில் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு யாரும் நாடகம் பார்க்கப் போவதில்லை. பெயாரிங் வாங்கப் போவோம், இல்லாவிட்டால் பழைய டொயோட்டாவுக்கு சைட் கண்ணாடி தேடிப் போவோம். கடைக்காரர் கழற்றிக் கொண்டுபோன சாமானைக் கையில் வாங்கியதுமே எந்த வருடத்து மொடல் என்று சொல்லிவிடுவார், தன்னிடம் இல்லாததை ஒரு பொடியனை அனுப்பி நாலாவது கடையிலிருந்து எடுப்பித்தும் தருவார், பில் மட்டும் கேட்கக்கூடாது. அந்த கிரீஸ் வாடைக்கும் ஓட்டோ ஹோர்னுக்கும் நடுவில்தான் டவர் ஹோல் நிற்கிறது. கொழும்புத் தமிழர்களில் பாதிப் பேராவது அதைக் கடந்து போயிருப்பார்கள். உள்ளே போயிருக்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். அது சிங்கள நாடகக் கொட்டகை, நமக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம்தான் காரணம்.

வேலை இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

1911 டிசம்பர் 6ஆம் திகதி டவர் ஹோல் திறக்கப்பட்டது. கட்டியவர் ஜி. டி. ஹென்ட்ரிக் செனவிரத்ன. முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸ் எழுதிய பண்டுகாபய. அதுவரை சிங்கள நாடகக் கம்பெனிகளுக்குக் கொழும்பில் கிடைத்ததெல்லாம் தற்காலிகக் கொட்டகைகளும் வாடகை மண்டபங்களும்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் தன் காசைப் போட்டு, நாடகத்துக்கென்றே ஒரு கட்டடத்தை எழுப்பி, அதன் முகப்பில் ஒரு கோபுரத்தையும் வைத்து, அந்தக் கோபுரத்தின் பெயரையே கொட்டகைக்கும் சூட்டினார் என்றால் அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

நாடகக் கொட்டகைக்குக் கோபுரம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். மேடைக்கு அது வெளிச்சம் தராது, பாட்டை எதிரொலிக்காது, மழைக்கு ஒதுங்கக்கூட உதவாது. ஆனால் அந்தக் காலத்துக் கொழும்பைக் கொஞ்சம் மனதில் கொண்டுவந்தால் விஷயம் விளங்கும். கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இலிருந்தே நிற்கிறது, பிறகு அதுவே கலங்கரை விளக்காகவும் வேலை பார்த்தது. யோர்க் வீதியில் கார்கில்ஸின் செங்கல் மாளிகை 1906இல் எழுந்தது. புறக்கோட்டையில் இந்திய முஸ்லிம் வர்த்தகர்கள் கட்டுவித்த சிவப்புப் பள்ளிவாசல் 1909இல் முடிந்தது, அதன் கோபுரங்கள் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கே தெரியும் என்பார்கள். அரசாங்கம், வெள்ளைக்காரக் கம்பெனி, பள்ளிவாசல் என்று ஆளாளுக்கு வானத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டிருந்த பத்து இருபது வருடங்களில்தான் மருதானையில் ஒரு நாடகக் கொட்டகைக்கும் கோபுரம் வந்தது. கூத்தாடிகள் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த தொழிலுக்கு நகரத்தின் பெரிய கட்டடங்களோடு ஒரே வரிசையில் இடம் கேட்கிற கோபுரம் அது. கட்டடக்கலை நிபுணர்கள் இதை எப்படி எழுதுவார்களோ தெரியாது, எனக்கு அது ஒரு விளம்பரப் பலகைதான். நல்ல விளம்பரப் பலகை.

இடமும் தற்செயலாக அமைந்ததில்லை. மருதானையில் ரயில் நிலையம், கோட்டையிலிருந்து பொரளைக்குப் போகும் டிராம், சுற்றிவர அச்சகங்களும் பட்டறைகளும் சிறு கடைகளும். கறுவாத்தோட்டத்துத் துரைமார்களை நம்பிக் கட்டிய கொட்டகை இல்லை இது. கடையைப் பூட்டிவிட்டு, முகம் கழுவி, வேட்டியோ சாரமோ மாற்றிக்கொண்டு வருகிறவனை நம்பிக் கட்டியது.

சரி, உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். டவர் ஹோலில் நடந்தது நூர்த்தி, பார்சி மேடையைப் பார்த்து எழுந்த சிங்கள இசை நாடகம். அதற்கு முன் சிங்களத்தில் இருந்தது நாடகம என்ற கூத்து, அது நம்முடைய கத்தோலிக்க நாட்டுக்கூத்திலிருந்து போனது என்பதை சிங்கள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். திறந்தவெளி, மத்தளம், இரவிரவாக நடக்கும் கதை, தொகுத்துச் சொல்ல ஒரு ஆள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தபோது இந்த மரபு ஆடிப்போனது. பலிவாலாவின் கம்பெனி போன்றவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் இருந்தவை எல்லாமே புதுசு: ஹார்மோனியம், தபேலா, ஜிகினா உடுப்பு, சட்டம் போட்ட மேடை, எல்லாவற்றுக்கும் மேலாக வண்ணம் தீட்டிய படுதாக்கள். கதை உருதுவிலோ ஹிந்துஸ்தானியிலோ நடந்தது. பார்த்த சனத்துக்கு ஒரு வரி விளங்கியிருக்காது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

படுதாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கொட்டகைகளின் கட்டட அமைப்பே அதைச் சுற்றித்தான் இருந்தது. பெரிய கன்வஸ் துணியைத் தைத்து, பசை கலந்த வண்ணத்தில் தெரு, காடு, தர்பார் என்று எழுதுவார்கள். மடித்து வைத்தால் வண்ணம் வெடித்து உதிரும், அதனால் சுருட்டத்தான் வேண்டும். துணியின் மேல் விளிம்பை உத்தரத்தில் அடித்துவிட்டு, கீழ் விளிம்பில் மேடை அகலத்துக்கு ஒரு உருளைக் கம்பைக் கட்டுவார்கள். கம்பின் இரண்டு முனையிலும் கயிறு சுற்றி, மேலே கப்பியில் ஏற்றி, பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் நிற்கிறவன் இழுத்தால், கம்பு சுழன்று துணியைத் தன்மேல் சுருட்டிக்கொண்டே ஏறும். படுதாவை அப்படியே முழுசாக மேலே தூக்க வேண்டுமென்றால் மேடைக்கு மேல் இன்னொரு மேடை உயரம் வெறுமையாக இருக்க வேண்டும், அவ்வளவு உயரத்துக்குக் கூரை போட எவனிடம் காசு இருந்தது? சுருட்டுப் படுதா அந்தச் செலவை மிச்சப்படுத்தியது. அதனால்தான் அதே கம்பெனி இன்றைக்கு டவர் ஹோல் மாதிரி ஒரு கட்டடத்திலும் நாளைக்குக் கிடுகுக் கொட்டகையிலும் ஒரே நாடகத்தைப் போட முடிந்தது.

இன்னொரு தந்திரமும் உண்டு. தெருப்படுதா மேடையின் முன்பக்கமாகத் தொங்கும். அதற்கு முன்னால் இருக்கிற நாலைந்து அடியில் பபூன் வந்து சிரிப்புக் காட்டிக்கொண்டிருப்பான், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும், அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள் பின்னால் சிம்மாசனத்தை இழுத்து வைக்கிற சத்தம் அமுங்கிப்போகும். படுதா சுருண்டு ஏறினால் தர்பார் தயார். கதைக்குச் சம்பந்தமே இல்லாத பபூன் காட்சிகள் எதற்கு வந்தன என்று இலக்கியக்காரர்கள் கேட்பதுண்டு. தச்சனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கத்தான் வேண்டும். தமிழில் ஸ்பெஷல் நாடகம், யாழ்ப்பாணத்தில் கொட்டகைக் கூத்து என்று நாம் சொல்வதும் இதே அச்சுத்தான். அதே தெருப்படுதா, அதே பபூன், அதே கால்பெட்டி ஹார்மோனியம். பழைய தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகங்களை விரித்தால் பாட்டுக்கு மேலே பார்சி மெட்டு என்று வெட்கமில்லாமல் அச்சடித்திருப்பார்கள். மெட்டு எங்கிருந்து வந்தது என்று மறைக்க வேண்டிய அவசியம் அன்றைக்கு யாருக்கும் இருக்கவில்லை.

சிங்களப் பக்கத்தில் ஜோன் த சில்வா, வழக்கறிஞர், 1857இல் பிறந்தவர். நம் பக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள், 1867. இரண்டு பேரும் மேடையை மக்களுக்கு நல்லது சொல்லும் இடமாக நினைத்தவர்கள், இரண்டு பேரும் பார்சி மேடையின் பளபளப்பை எடுத்து அதற்குள் தங்கள் தங்கள் புராணத்தையும் சரித்திரத்தையும் வைத்தவர்கள், இரண்டு பேரும் 1922இல் காலமானார்கள். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்களோ இல்லையோ, ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். ஜோன் த சில்வா தன் நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லவ்ஜி என்பவரை வரவழைத்தார். லவ்ஜிக்குச் சிங்களம் தெரியாது. 1903இல் வந்த சிறிசங்கபோ நாடகத்துக்கு அவர் போட்ட தன்னோ புதுங்கே பாட்டு இன்றைக்குச் சிங்கள பௌத்தத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2016 சுதந்திர தின விழாவில் ஒரு பாடகி அதை மேல்நாட்டு ஒபரா பாணியில் பாடியதற்கு, எங்கள் பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. லவ்ஜி இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது நம் பக்கத்து 1911க்கு வருவோம். டவர் ஹோல் திறந்த அதே வருடம் சென்னையிலிருந்து பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை கொழும்புக்கு வந்து நாடகம் போட்டது. அவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை. வக்கீல்கள், உத்தியோகத்தர்கள், படித்தவர்கள். நாடகம் ஆடுவது மரியாதையான காரியம்தான் என்று காட்ட வந்தவர்கள் மாதிரி. இங்கே இருந்த நவாலிக்காரர் சொர்ணலிங்கத்தை அந்தப் பாணி பிடித்துக்கொண்டது. 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை உருவானது. கலையரசு சொர்ணலிங்கம் என்று பிற்காலத்தில் நாம் கொண்டாடியவர் அவர்தான்.

1926இல் இன்னொரு சங்கதி. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் மேடையில் ஜோடி சேர்ந்தது இலங்கையில்தான், கொழும்பு அந்த ஜோடியைப் பார்த்துக் கிறங்கியது. அடுத்த வருடம் அவர்களுக்குக் கல்யாணம். தமிழ் மேடையின் மிகப் பெரிய இரண்டு குரல்கள் சந்தித்துக்கொண்ட நகரம் இது. சென்னையிலோ மதுரையிலோ நடந்திருந்தால் தெருவுக்குத் தெரு கதை சொல்வார்கள். ஜிந்துப்பிட்டிப் பக்கத்துப் பழைய ஆட்கள் நாடகக் கொட்டகைக் கதைகள் எத்தனையோ சொல்வார்கள், கதைகள் மட்டும்தான் மிச்சம். நாம் காட்டுவதற்கு ஒரு டவர் ஹோல் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். கொழும்பில் தமிழ் நாடகத்துக்குக் கலைஞர் பஞ்சம் ஒருநாளும் இருந்ததில்லை, பார்க்க சனமும் இருந்தது, இல்லாமல் போனது சொந்தக் கூரை. நூறு வருடத்துக்கும் மேலாக நம் நாடகம் இந்த நகரத்தில் வாடகைக்குத்தான் குடியிருக்கிறது. வாடகைக்காரன் சுவரில் ஆணி அடிக்க யோசிப்பான். படுதாவை எங்கே தொங்கவிடுவது, சிம்மாசனத்தை எங்கே போட்டு வைப்பது, பழைய உடுப்புப் பெட்டியை யார் வீட்டுக்குத் தூக்குவது என்பதிலேயே பாதி உயிர் போய்விடும். நாடகம் முடிந்த அன்றிரவே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அப்புறம் சரித்திரம் எங்கே தங்கும்?

டவர் ஹோலுக்குள் நான் முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய நூர்த்திப் பாட்டுகள் பாடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு சிங்கள அங்கிள் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளை உடுத்த முதியவர்கள், பேரப்பிள்ளைகள் சிலர், நடுவில் நான். எழுபது தாண்டியிருக்கும் ஒரு அம்மா ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மைக் இருந்தது, ஆனால் அவர் அதிலிருந்து ஓரடி தள்ளித்தான் நின்றார். வாயைத் திறந்ததும் குரல் மைக்கைத் தாண்டி நேரே கடைசி வரிசைக்குப் போனது. ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் மூக்கால் கொஞ்சம் இழுத்து, கூரையை நோக்கி எறிகிற மாதிரி ஒரு பாணி. எங்கள் ஊர் அரிச்சந்திரன் கூத்தில் மயானக் காண்டத்துக்குப் பாடுகிறவர்களும் இப்படித்தான் வரியின் நுனியை எறிவார்கள். அங்கிள் என் பக்கம் சரிந்து, “தம்பி, பாஷை விளங்குதா?” என்று தமிழிலேயே கேட்டார். பாஷை அரைகுறையாகத்தான் விளங்கியது. மற்றதெல்லாம் விளங்கியது.

அந்தப் பாணி ஒரு ரசனை மட்டும் இல்லை, கட்டடத்தின் விளைவு. மைக் இல்லாத காலத்தில் கலரியில் இருப்பவனுக்கும் வசனம் கேட்க வேண்டும், அவன்தான் கைதட்டுகிறவன், கூச்சல் போடுகிறவனும் அவன்தான். தாழ்ந்த சுருதியில் பாடினால் முன்வரிசையோடு குரல் நின்றுவிடும், அதனால் எல்லாரும் உச்சத்துக்குப் போனார்கள். கிட்டப்பா எட்டாத சுருதியெல்லாம் எட்டினார் என்று இன்றைக்கும் வியக்கிறோம். இருபத்தேழு வயதில் அவர் போனதற்கு ராத்திரி ராத்திரியாக அப்படிப் பாடியதும் ஒரு காரணமோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும், வைத்தியர்கள் கோபிக்க வேண்டாம். முகப்பூச்சும் அப்படித்தான். மேடை விளிம்பில் வரிசையாக வைத்த விளக்குகள் கீழிருந்து அடிக்கும்போது மூக்கு நிழல் நெற்றியில் விழும், கண் குழியாகத் தெரியும். முத்துவெள்ளையும் அரிதாரமும் அப்பி, புருவத்தைக் கரியால் தூக்கி எழுதினால்தான் தூரத்தில் இருப்பவனுக்கு முகம் முகமாகத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் பேய் மாதிரி இருக்கும், கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லி யாரும் டிக்கட் விற்கவில்லையே.

கட்டடம் திறந்து அடுத்த வருடம், 1912இல், பொது மேடைகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போட்ட அந்தக் கட்டளைச் சட்டத்தின் நிழலில்தான் பிற்காலத்து நாடகக்காரர்களும் எழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு தணிக்கைக்கு அலைந்தார்கள். அரசாங்கத்துக்கு மேடையைப் பற்றி எப்போதும் ஒரு பயம் இருந்திருக்கிறது, அதுவரை நல்லது.

பயப்பட வேண்டியது சினிமாவுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. டவர் ஹோலுக்குக் கிட்டத்திலேயே எல்பின்ஸ்டன் தியேட்டர் வந்தது. அதை நடத்தியது கல்கத்தா மதன் கம்பெனி. ஜம்ஷெட்ஜி மதன் ஒரு பார்சிக்காரர், பார்சி நாடகக் கம்பெனியில் தொடங்கி, அந்தக் கம்பெனிகளையே விலைக்கு வாங்கி, அப்புறம் படம் காட்டும் தொழிலில் இந்தியா, பர்மா, இலங்கை என்று வலை விரித்தவர். எல்பின்ஸ்டன் என்பது பம்பாய் கவர்னர் ஒருவரின் பெயர், அவர் பெயரில் ஒரு கல்லூரி, அந்தக் கல்லூரிப் பையன்கள் வைத்த நாடகக் குழு, அதிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து கல்கத்தா, கடைசியில் மருதானைச் சந்தி. நூர்த்தியைப் பெற்றெடுத்த அதே பார்சிக்காரர்கள்தான் அதற்குப் பாடையும் கட்டினார்கள். 1930களில் படம் பேசத் தொடங்கியதும் கதை முடிந்தது. படம் காட்ட இருட்டும் ஒரு வெள்ளைத் திரையும் போதும், நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. டவர் ஹோலும் காலப்போக்கில் படம் காட்டும் இடமாக மாறியது.

ஆனால் மேடை அப்படியே செத்துவிடவில்லை, திரைக்குள் ஏறிக்கொண்டது. முதல் சிங்களப் பேசும் படம் 1947 ஜனவரி 21ஆம் திகதி கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் திரையிடப்பட்டது. அது நீர்கொழும்பு ஜயமான்னவின் மினேர்வா நாடகக் குழு மேடையில் போட்ட நாடகம். தயாரித்தவர் எஸ். எம். நாயகம், தமிழர். எடுத்த இடம் தென்னிந்தியா. கதாநாயகி ருக்மணி தேவி, அவர் பிறந்தபோது வைத்த பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். கொட்டாஞ்சேனைக்காரர்கள் இந்தத் தகவலை விருந்தாளிகளுக்குச் சொல்லாமல் விடமாட்டோம்.

டவர் ஹோலை மீட்டவர் பிற்காலத்தில் ஜனாதிபதியான பிரேமதாச. அவர் பிறந்து வளர்ந்த வாழைத்தோட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம். சின்ன வயதில் பார்த்த கொட்டகை பாழாய்ப் போவது பொறுக்காமலோ, அரசியல் கணக்காலோ, அல்லது இரண்டாலுமோ, 1978இல் டவர் ஹோல் அரங்க மன்றச் சட்டம் என்று அந்த வருடத்து முதலாம் இலக்கச் சட்டமாகவே ஒன்றைக் கொண்டுவந்து, கட்டடத்தைப் புதுப்பித்து, எல்பின்ஸ்டனையும் அதே மன்றத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். வயதான நூர்த்திக் கலைஞர்களையும் கவனித்தார்கள். அவருடைய அரசியலைப் பற்றி நமக்கு ஆயிரம் கணக்கு இருக்கிறது, அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஒரு நாடகக் கொட்டகைக்காகப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்ட ஆள் என்ற அளவில் எனக்கு மரியாதை உண்டு. ஐந்தே வருடத்தில் 83 ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம், வந்தது. ஹெந்தளையில் தமிழ்த் தயாரிப்பாளர் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ படச்சுருள்களோடு எரிந்தது. அந்தச் சுருள்களில் இருந்தவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். ஒரு கையால் கட்டடத்தைக் காப்பாற்றி மறு கையால் எரிக்கிற நாடு.

லயனல் வென்ட் அரங்கைச் சொல்லாமல் கொழும்பு மேடையைப் பற்றி எழுத முடியாது. அது வேறு சாதிக் கட்டடம். புகைப்படக்காரரும் பியானோக் கலைஞருமான லயனல் வென்ட் 1944இல் இறந்தபின் அவர் குடியிருந்த வளவில், கில்ட்போர்ட் கிரசென்டில், நண்பர்கள் எழுப்பியது. 1953 டிசம்பரில் மாக்சிம் கோர்க்கியின் நாடகத்தோடு திறந்தது. கோபுரம் கிடையாது, ஜிகினா கிடையாது, 600 பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம். நடிகன் பெருமூச்சு விட்டால் பின்வரிசைக்குக் கேட்கும். டவர் ஹோல் தெருவைப் பார்த்துக் கட்டியது, வென்ட் மேடையைப் பார்த்துக் கட்டியது. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் டவர் ஹோலைத்தான் கேட்பேன். வென்ட்டில் ஓட்டோக்காரன் உள்ளே வர யோசிப்பான்.

அந்த வென்ட்டில்தான் 1956 நவம்பர் 3ஆம் திகதி சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திராவின் மனமே நாடகம் அரங்கேறியது. நூர்த்தியின் படுதாக்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, அதற்கும் முந்தைய நாடகம மரபுக்கு, அதாவது நம் கூத்துக்கு அண்ணன் தம்பியான ஒன்றுக்கு, அவர் திரும்பிப் போனார். அதைப் பார்த்த வேகத்தில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்துப் பழக்கும் மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்துப் பேசி, இரவிரவாக நடக்கும் கூத்தைச் சுருக்கிச் சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், பிறகு நொண்டி நாடகம், இராவணேசன். தமிழ்க் கூத்து சிங்களத்துக்குப் போய், சிங்களத்தில் புதுசாகி, அதைப் பார்த்துத் தமிழ் மறுபடியும் தன் கூத்தைத் தேடிப் போன கதை இது. கணக்குப் பார்த்தால் யார் யாருக்குக் கடன் என்று சொல்ல முடியாது.

2011 டிசம்பர் 15ஆம் திகதி, டவர் ஹோலுக்கு நூறு வயது முடிந்து ஒன்பதாவது நாள், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் சீன உதவியோடு நெலும் பொக்குண அரங்கு திறந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள், பொலன்னறுவைத் தாமரைத் தடாகத்தின் வடிவம், வேண்டிய அளவு மேடை வசதி. வாடகையைக் கேட்டால் நம் நாடகக் குழுக்களுக்குத் தலை சுற்றும். போகட்டும், அது நமக்காகக் கட்டியதில்லை.

நமக்காக நாமே கட்டுகிறவற்றைப் பற்றித்தான் எனக்குக் கோபம். கோயில் மண்டபம், சங்க மண்டபம், கல்யாண மண்டபம் என்று இந்த நகரத்தில் தமிழர் காசில் எழும்பிய மண்டபங்கள் எத்தனை! மாபிள் தரை, ஏசி, பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் பூ வேலை எல்லாம் இருக்கும். தரை மட்டும் மட்டமாக இருக்கும், அதனால் ஆறாவது வரிசைக்குப் பிறகு உட்கார்ந்தவனுக்குப் பரதநாட்டியக்காரியின் இடுப்புக்குக் கீழே தெரியாது. கால் தெரியாத பரதம்! மேடையின் இரண்டு பக்கமும் சுவர், நடிகன் மறைந்து நிற்க ஓரடி இடம் இருக்காது. பின்கதவால் வெளியே போய், சமையல்கட்டைச் சுற்றி, சாம்பார் வாளிகளைத் தாண்டி மறுபக்கத்தால் வரவேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் அப்படி வரும்போது துரியோதனன் வேஷத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரரின் போட்டோவுக்கு நிற்க வேண்டி வந்தது. மேடைக்கு மேலே கம்பி ஒன்று கட்டக் கேட்டால் சீலிங் கெட்டுப்போகும் என்பார்கள்.

போன வருடம் ஒரு புது மண்டபத்துக்கு வரைபடம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொறுப்பாக இருந்த பெரியவரைப் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி தந்து உபசரித்து, வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினார்.

“ஐயா, மேடைக்கு ரெண்டு பக்கமும் இடமில்லையே?” என்றேன்.

“தம்பி, வருஷத்துக்கு எத்தனை நாடகம் நடக்குது? எத்தனை கலியாணம் நடக்குது?”

“சரி, கலியாணத்துக்கே கட்டுங்கோ. பக்கத்துக்குப் பத்தடி மட்டும் விடுங்கோ. மேலே ரெண்டு இரும்புக் கேடர், கப்பி மாட்டுறதுக்கு. மணவறை அலங்காரம் தொங்கவிடவும் அது உதவும்.”

கேடர் யோசனை அவருக்குப் பிடித்திருந்தது, பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு அடிமட்டத்தை எடுத்து வைத்து, பத்தடியை இரண்டு பக்கமும் அளந்து பார்த்து, உதட்டைக் கடித்தபடி கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.

“பத்தடி விட்டால் சாப்பாட்டு ஹோலில் மூன்று மேசை போகும் தம்பி,” என்றார். “ஐந்தடி எண்டால் கதைக்கலாம்.”

ஐந்தடிக்குச் சம்மதித்துவிட்டு வந்தேன்.